திருத்தங்களுடன் உடன்படுகிறார் சுந்தரலிங்கத்தார்

கருத்துச் சமர்ப்பிப்பவர் என்றோர் இனம் கொழும்பில் பெருகி வருகிறது. குடிசன மதிப்பீட்டில் இவர்களுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. இருந்திருந்தால், அந்தக் கட்டம் ஏன் இவ்வளவு சிறியது என்று மூன்று பக்கத்தில் எழுதி அனுப்பியிருப்பார்கள்.

இவர்களைப் பழைய பெட்டிசக்காரரோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெட்டிசக்காரருக்கு ஒரு குறை இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் மதிலை அரையடி தள்ளிக் கட்டியிருப்பான். வயிறு எரியும், எழுதுவார், பதில் வந்தாலும் வராவிட்டாலும் எரிச்சல் அடங்கிவிடும். கருத்துச் சமர்ப்பிப்பவருக்குக் குறை என்று ஒன்று தேவையே இல்லை. அரசாங்கம் ஏதாவதொரு கொள்கை வரைவை இணையத்தில் போட்டு, அதன் அடியில் 'பொதுமக்களின் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன' என்று ஒரு வரி எழுதினால் போதும். நீங்களும் நானும் அந்த வரியை வாசலில் கட்டிய தோரணம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். அவர் அதைக் கலியாண அழைப்பிதழாக எடுத்துக்கொள்வார். அதுவும் மாப்பிள்ளையே நேரில் வந்து கொடுத்த அழைப்பிதழாக.

ஓர் உதாரணம் வேண்டுமா? கொட்டாஞ்சேனைக்கு வாருங்கள். ஜம்பட்டா வீதியில் இறங்கி, ஒரு லேனுக்குள் திரும்பி, பச்சை நிறம் பூசிய அடுக்குமாடியில் மூன்றாம் மாடிக்கு ஏறுங்கள். லிப்ட் இருக்கிறது, ஆனால் எட்டு மாதமாக வேலை செய்யவில்லை. அதைப் பற்றிப் பேச அடுக்குமாடிக்காரர் கூடிய அன்று சுந்தரலிங்கத்தார் வரவில்லை. தேசிய மின்னுயர்த்திப் பாதுகாப்பு நியமங்கள் பற்றிய வரைவுக்கு அன்றுதான் கடைசித் தேதி. கதவைச் சாத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

அறுபத்தெட்டு வயது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை ஐந்தரைக்கு எழும்பி, முகம் கழுவி, திருநீறு பூசி, மனைவி பத்மாவதி கொடுக்கும் பிளேன்ரீயை இடக்கையில் வாங்கிக்கொண்டு, வலக்கையால் 'உங்கள் சொல்' என்ற அரசாங்கத் தளத்தைத் திறப்பார். தமிழ் என்று போட்டிருக்கும் இடத்தை அழுத்துவார். சிங்களத்தில் திறக்கும். இன்னொருமுறை அழுத்துவார். பாதி தமிழில் திறக்கும். அது போதும் அவருக்கு. கடற்படுக்கைக் கனிமங்கள், செய்மதி, யானை வேலி, மழைநீர், தென்னங்கன்று, அணுசக்தி என்று அன்றைக்கு எது கிடக்கிறதோ அதைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ம்ம்ம்" என்பார். அந்த 'ம்ம்ம்' கேட்டால் பத்மாவதி மத்தியானச் சாப்பாட்டைப் பிந்திப் போடலாம் என்று தெரிந்துகொள்வாள்.

யானையை அவர் கடைசியாகப் பார்த்தது நவம் பெரஹரா ஊர்வலத்தில். அதற்காக யானை வேலியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாமல் போய்விடுமா? பதினான்கு பக்கம் இருந்தது.

எந்த விஷயமானாலும் அவர் எழுத்துக்கு ஒரே தலைவாசல்தான்: "மேற்படி வரைவைக் கொள்கையளவில் வரவேற்கிறேன். ஆயினும்..." அந்த 'ஆயினும்' வந்த பிறகு ஒருவராலும் அவரை நிறுத்த முடியாது. உபபிரிவுகள் வரும், உபபிரிவின் உபபிரிவுகள் வரும், பின்னிணைப்பு ஒன்று, இரண்டு, இரண்டு அ என்று வால் நீளும். அனுப்பியதும் தளத்திலிருந்து ஒரு மறுமொழி வரும்: 'உங்கள் கருத்துக் கிடைத்தது. நன்றி.' இயந்திரம் அனுப்புகிற கடிதம் என்று உலகத்துக்கே தெரியும். அவருக்கும் தெரியும். என்றாலும் அதைக் கீழேயுள்ள நபீஸின் ஃபோட்டோகொப்பிக் கடையில் அச்சடித்து, துளையிட்டு, கோப்பில் போட்டு, "பதிவில இருக்கட்டும்" என்பார். அலுமாரியில் துணி வைக்கிற தட்டு இரண்டு இப்போது பதிவில் இருக்கிறது. பத்மாவதியின் சேலைகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

இவ்வளவோடு நின்றிருந்தால் பாதகமில்லை. ஒரு மனிதன் தன் வீட்டுக்குள் இருந்துகொண்டு வானத்தில் சுற்றும் செய்மதிக்குப் புத்தி சொல்வதால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால், தளத்தில் ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு கருத்துத்தான் என்ற விதி அவரை உறுத்தத் தொடங்கியது. எழுதியது பதினான்கு பக்கம், எண்ணப்படுவது ஒன்று! யோசித்தார். அடுக்குமாடியில் எத்தனை ஃபோன்கள் சும்மா கிடக்கின்றன, நாட்டுக்கு ஒரு பிரயோசனமும் இல்லாமல்?

அன்றிலிருந்து அவர் வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கினார். உங்கள் இலக்கத்தைத் தளத்தில் போடுவார். உங்கள் ஃபோனுக்கு ஆறு இலக்க ஓ.டி.பி. ஒன்று வரும். அதை நீங்கள் வாசித்துக் காட்டினால் அவருடைய கருத்து உங்களுடைய கருத்தாகப் பதிவாகிவிடும். வாசித்துக் காட்டாவிட்டால் அவர் கதிரையில் உட்கார்ந்து வரைவை விளக்கத் தொடங்கிவிடுவார். ஆகவே எல்லாரும் வாசித்தார்கள். சில வீடுகளில் அவர் தலை படியில் தெரிந்ததுமே ஃபோனை எடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள்.

அந்த வரிசையில்தான் பேர்ணடெற்றும் சேர்ந்தாள். லேன் வாசலில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் ஒரு கண்ணாடிப் பெட்டியும் வைத்து இடியப்பம் விற்கிறவள். பின்னேரம் நாலரைக்கு மேசை விரிப்பாள், எட்டுக்கு முன்னம் பெட்டி காலியாகிவிடும். கணவனுக்குத் துறைமுகத்தில் பாரம் தூக்கி முதுகு போய்விட்டது, இரண்டு பிள்ளைகள், அந்த மேசைதான் வீட்டின் நாலு காலும். வேலை விட்டு பஸ்ஸால் இறங்குகிற சனம், வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டச் சோம்பல்பட்டு, அவளிடம் பார்சல் சுற்றிக்கொண்டு போகும். சுந்தரலிங்கத்தார் பதினொரு வருட வாடிக்கை. சீனி வருத்தம் என்பதால் சிவப்பரிசி மா இடியப்பம் பத்து, சம்பல், கொஞ்சம் கூடுதலாகத் தேங்காய்ப்பால் சொதி.

"பிள்ளை, ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லும்."

"இது எதுக்கு சேர்?"

"தேசிய கறுவாக் கொள்கை."

"கறுவாப்பட்டையா? நான் சம்பலுக்குக்கூட அது போடுறதில்லையே" என்றாள் பேர்ணடெற். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். "நாலு, சைபர், ஏழு..."

கறுவாச் செய்கையாளர் அவளுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் காலை தளத்தில் 'நடைபாதைகளை விடுவித்தல்: மக்கள் கருத்தறிதல்' என்று ஒன்று வந்தது. சுந்தரலிங்கத்தார் வழக்கம்போல "ம்ம்ம்" என்று தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் அந்த 'ம்ம்ம்' பாதியில் நின்றது. அட்டவணையில் தங்கள் லேனின் பெயர் இருந்தது. லேன் வாசல்களில் நடைபாதை மேல் இருக்கிற கடைகளை எடுத்து, துறைமுகப் பக்கமாக, ஒரு பழைய பண்டகசாலை மதிலுக்குப் பின்னால் 'விற்பனை வலயம்' ஒன்றில் வைக்கப்போகிறார்களாம். அங்கே பஸ் போகாது. சனமும் போகாது. நாய் போகும். எடுப்பதா விடுவதா என்பதை ஒவ்வொரு வீதிக்கும் தனித்தனியாக, அந்த வீதிக்காரரின் கருத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்களாம். இரண்டு கிழமை தவணை.

இதுவரை அவர் கருத்துச் சொன்ன இருநூற்றுச் சொச்சம் விஷயங்களில், ஜன்னலால் எட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற விஷயம் இது ஒன்றுதான். பிளேன்ரீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழும்பிவிட்டார். பயத்தால் அல்ல, சந்தோஷத்தால்.

பின்னேரம் லேன் வாசலில் செய்தியைச் சொன்னார். பேர்ணடெற் சம்பல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப, என்ட மேசையைத் தூக்கிருவாங்களா சேர்?"

"நான் இருக்கேக்க ஆர் தூக்கிறது? உம்மட மேசை இனி என்ர பொறுப்பு."

பக்கத்தில் நின்ற நபீஸுக்கு இந்தப் பேச்சு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவனுக்கு நாற்பது வயது. ஃபோட்டோகொப்பி எடுத்து எடுத்து எல்லா அரசாங்கக் கடிதத்தையும் வாசித்தவன். "சேர், இத நடத்துற கந்தோர்ல புதன்கிழமை பொதுமக்களச் சந்திக்கிற நாள். நாங்க ஒரு இருவது பேர் நேரா போய் நிண்டா முடியிற வேல. இந்தப் பொம்புளயையும் கூட்டிட்டுப் போவம். மொகத்தப் பாத்தா மனுசன் ஒருத்தனுக்கு எரக்கம் வரும்."

சுந்தரலிங்கத்தார் ஒரு சிரிப்புச் சிரித்தார். சின்னப் பிள்ளை கேட்ட கேள்விக்குச் சிரிக்கிற சிரிப்பு. "நபீஸ், அது அந்தக் காலம். கும்பலாப் போய் நிண்டால் ஆர் எண்ணுறது? இப்ப நடக்கிறது பங்கேற்பு ஜனநாயகம். இஞ்ச ஒவ்வொரு குரலும் எண்ணப்படும்."

இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவர் சொன்னது அப்படியே நடந்தது என்பதைப் பின்னால் காண்பீர்கள்.

நபீஸ் பேர்ணடெற்றின் பக்கம் திரும்பினான். அவள் தலையை ஆட்டினாள். "வேணாம் நபீஸ் நானா. சேர் படிச்சவர், சட்டம் தெரிஞ்சவர். அவர் எழுதுறார். நாம போய்க் கத்தி அதைக் கெடுத்துரக் கூடாது."

சுந்தரலிங்கத்தார் ஒன்பது நாள் எழுதினார். நடைபாதையின் அகலத்தை அளந்தார். நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு பத்மாவதி வெயிலில் நின்றாள். பின்னேரம் ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் மேசையைத் தாண்டிப் போகிறவர்களை மூன்று நாள் தொடர்ந்து எண்ணினார். எத்தனை பேர் தடக்கி விழுந்தார்கள் என்ற நிரலில் மூன்று நாளும் சைபர் போட்டார். ஏழாம் பக்கத்தில் பேர்ணடெற்றைப் பற்றி எழுதியிருந்தார். கொரோனாக் காலத்தில் லேன் பூட்டிக் கிடந்தபோது கதவு கதவாகப் பார்சல் வைத்துவிட்டுப் போனவள், காசை ஒருவரிடமும் கேட்காதவள் என்று. கேலியை ஒரு நிமிடம் ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்கிறோம், அந்தப் பக்கம் நன்றாக இருந்தது. அவர் எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்களில் மனத்தால் எழுதிய பக்கம் அது. வாசித்தவன் எவனும் அந்த மேசையில் கை வைத்திருக்க மாட்டான்.

பத்தாம் நாள் காலை தளத்தைத் திறந்து உட்கார்ந்தார். மூன்று தெரிவுகள் இருந்தன. உடன்படுகிறேன். திருத்தங்களுடன் உடன்படுகிறேன். உடன்படவில்லை.

அவர் விரல் 'உடன்படவில்லை'யைத்தான் முதலில் தொட்டது. அதை நாம் பதிவில் வைக்க வேண்டும். தொட்டதும் கீழே ஒரு சின்னப் பெட்டி திறந்தது: 'காரணத்தை 250 எழுத்துகளுக்குள் குறிப்பிடுக.' அவ்வளவுதான். இணைப்பு அனுப்ப வழி இல்லை. பதின்மூன்று பக்கமும் நாலு பின்னிணைப்பும் கையில் இருக்கிற மனிதனுக்கு 250 எழுத்து! பிறகு நடுத் தெரிவை அழுத்திப் பார்த்தார். கீழே 'ஆவணத்தை இணைக்க' என்று நீல நிறத்தில் ஒரு பட்டன் மலர்ந்தது.

பத்மாவதி பிளேன்ரீக் கோப்பையை எடுக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள். "இதில என்னப்பா யோசினை? உடன்படேல்லை எண்டதை அமத்துங்கோ."

"அமத்தினால் இணைப்புப் போகாது பத்மா. இருநூற்றைம்பது எழுத்துத்தான் விடுறான்."

"காணும்தானே. 'பேர்ணடெற்றின்ர மேசை ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை, இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.' எண்ணிப் பாருங்கோ."

எண்ணிப் பார்த்தார். தாராளமாக அடங்கியது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஆதாரம் எங்க? அளவு எங்க? பின்னிணைப்பு எங்க? ஆரோ போகிற போக்கில எழுதின மாதிரியெல்லே கிடக்கும்."

"நடுவில இருக்கிறது 'உடன்படுகிறேன்' எண்டெல்லோ முடியுது?"

"திருத்தங்களுடன் எண்டெல்லோ தொடங்குது! ஏழாம் பக்கத்தை வாசிக்கிறவனுக்கு விளங்கும்."

"வாசிச்சால்" என்றாள் பத்மாவதி. கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பகல் முழுக்க அவர் மாடி ஏறி இறங்கினார். இந்தமுறை ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எல்லாருக்கும் பேர்ணடெற்றின் இடியப்பம் வேண்டும். தன்னுடையதோடு சேர்த்து அடுக்குமாடியில் பதினெட்டு இலக்கம், எதிர் வீடுகளில் ஒன்று, நபீஸ் ஒன்று. நபீஸ் மட்டும் "என்ன போடுறீங்க சேர்?" என்று கேட்டான். "பதின்மூன்று பக்கம்" என்றார். கடைசியாக லேன் வாசலுக்கு வந்தார். பேர்ணடெற் கைகளைக் கழுவி, ஏப்ரனில் துடைத்து, ஃபோனை இரண்டு கையாலும் பிடித்து, ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, ஜெபம் சொல்கிற மாதிரி வாசித்தாள். ஆக மொத்தம் இருபத்தொன்று. அன்று அவளிடம் வாங்கிய பார்சலில் பன்னிரண்டு இடியப்பம் இருந்தது.

ஒன்றரை மாதத்தில் அறிக்கை வந்தது. அழகான அறிக்கை, வர்ணப்படம் எல்லாம் போட்டது. நாலாம் பக்கத்தில் வீதி வாரியான அட்டவணை. சுந்தரலிங்கத்தார் விரலை வைத்துத் தேடி, தங்கள் லேனைக் கண்டுபிடித்து, 'கிடைத்த கருத்துகள்: 21' என்பதைப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பக்கத்துப் பெரிய வீதியில் ஆறு. மட்டக்குளியில் ஒரு தொடர்மாடி முழுவதற்கும் நாலு. இவர்கள் இருபத்தொன்று! அடுத்த நிரலுக்குக் கண் போகவில்லை. போக நேரம் எங்கே? அட்டவணையைப் படமெடுத்து அடுக்குமாடியின் வட்ஸப் குழுவில் போட்டார். 'கொழும்பு வடக்கிலேயே அதிகூடிய மக்கள் பங்கேற்பு எங்கள் லேன்! அனைவருக்கும் நன்றி.' பதினேழு கட்டைவிரல் உடனே வந்தது. ஒருவர் கைகூப்பி இருந்தார். ஒருவர் கேக் படம் போட்டார்.

நபீஸ் கட்டைவிரல் போடவில்லை. மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து வாசலில் நின்றான்.

"சேர், அடுத்த கட்டத்தப் பாத்தீங்களா?"

சுந்தரலிங்கத்தார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உடன்பாடு: 21. உடன்பாடின்மை: 0.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் இருபத்தொன்றாகவே இருந்தது.

மறுநாள் அறிக்கையை வெளியிட்ட பணியகத்துக்குப் போனார். தளத்தில் எழுதத் தொடங்கிய இரண்டு வருடத்தில் அவர் ஓர் அரசாங்கக் கட்டடத்துக்குள் காலடி வைத்தது அதுதான் முதல்தடவை. அங்கே இருந்த உத்தியோகத்தர் ஓர் இளம் பெண், மரியாதையானவர், கதிரை போட்டு இருக்கச் சொன்னார். லேனின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "ஆ, அந்த லேனா மஹத்தயா! எங்களுக்கு ஆக இலேசாக முடிந்தது உங்களுடைய லேன்தான். ஓர் எதிர்ப்புக்கூட இல்லை" என்று சிங்களத்தில் பாராட்டினார்.

சுந்தரலிங்கத்தாரும் சிங்களத்திலேயே, பழைய கந்தோர்ச் சிங்களத்தில், திருத்தங்களைப் பற்றி விளக்கினார். ஏழாம் பக்கத்தைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண் கணினியைத் திருப்பிக் காட்டினார். இணைப்புகள் எல்லாம் ஒரு கோப்புறைக்குள் பத்திரமாக இருந்தன. இவருடையது இருபத்தொரு தடவை இருந்தது. "ஒன்றும் தொலையவில்லை, பார்த்தீர்களா?" என்றார்.

"இதையெல்லாம் ஆர் வாசிக்கிறது, மிஸ்?"

அந்தப் பெண் சிரித்தார். கெட்ட சிரிப்பல்ல. சுந்தரலிங்கத்தாருக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. முப்பத்தொரு வருடம் பொதுமக்களின் கடிதங்கள் அவருடைய மேசைக்குத்தான் வந்தன. தலைப்பைப் பார்ப்பார், ஆதரவு ஒரு கட்டு, எதிர்ப்பு ஒரு கட்டு. இணைப்புகளைக் கழற்றி, சிவப்பு நாடாவால் கட்டி, இரும்பு அலுமாரியில் வைப்பார். ஒன்றுகூடத் தொலைந்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை இருந்தது. ஒன்றுகூட வாசித்ததில்லை என்பது இந்தக் கதிரையில் இருந்தபோதுதான் முதன்முதலாக உறைத்தது. மேசையின் இந்தப் பக்கம் அவ்வளவு வசதியாக இல்லை.

"மேன்முறையீடு ஒன்று செய்யலாம்தானே?" என்று கேட்டார்.

"செய்யலாம், மஹத்தயா. உடன்படவில்லை என்று போட்டவர்கள் செய்யலாம். உடன்பட்டவர் எதை எதிர்த்து முறையிடுவது?"

"அந்தக் கடைக்காரி? அவவின்ர பிழைப்பு இது. அவ வரலாம்தானே?"

உத்தியோகத்தர் பேர்ணடெற்றின் இலக்கத்தைக் கேட்டு, கணினியில் தட்டிப் பார்த்தார். "இல்லை. அவரும் உடன்பட்டிருக்கிறார்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது சுந்தரலிங்கத்தார் லேன் வாசல் தரிப்பிடத்துக்கு முந்திய தரிப்பிலேயே இறங்கி, மெல்ல நடந்தார். எவ்வளவு மெல்ல நடந்தாலும் லேன் வாசல் வந்துதானே ஆகும்? நாலரை தாண்டியிருந்தது. மேசை விரித்தாகிவிட்டது. பேர்ணடெற் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. உபபிரிவு ஒன்றும் இல்லாமல் அவர் பேசியது அன்றைக்குத்தான்.

அவள் துடைக்கிறதை நிறுத்தினாள்.

"அப்ப, என்ட மேசையைத் தூக்கச் சொல்லி நானே சொல்லியிருக்கேனா சேர்?"

"திருத்தங்களோட, பிள்ளை."

"என்ன திருத்தம் சேர்?"

"தூக்கக் கூடாது எண்டதுதான் திருத்தம்."

பேர்ணடெற் சத்தம் போட்டிருக்கலாம். அவள் போட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். பத்துப் பேர் கூடியிருப்பார்கள், இவரும் ஏதாவது விளக்கம் சொல்லியிருப்பார். அவள் சத்தம் போடவில்லை. பத்து இடியப்பத்தை எண்ணி வைத்து, சொதிப் பையை முடிந்து, பார்சலை நீட்டினாள்.

"என்ட வாயால அந்த நம்பரைச் சொன்னேன் சேர்" என்றாள். "மாதா பேரைச் சொல்லிட்டுத்தான் சொன்னேன்."

அடுத்த மாதம் முதலாம் தேதி ஒரு லொறி வந்தது. அவளுடைய மேசையை ஏற்றுவதற்கு நபீஸும் அடுக்குமாடிக்காரர் சிலரும் கை கொடுத்தார்கள். இறக்கி வைத்தவர்கள் சொன்னார்கள், மதிலுக்குப் பின்னால் இடமெல்லாம் விசாலமாகத்தான் இருக்கிறது, வெள்ளைக் கோடு போட்டு இலக்கமும் எழுதியிருக்கிறார்கள், ஆள் நடமாட்டம்தான் இல்லை என்று. முதல் கிழமை பெட்டி பாதி நிறைந்தபடி வீட்டுக்குத் திரும்பியது. இரண்டாம் கிழமை அவள் அரைவாசி மாத்தான் குழைத்தாள். பெரிய பிள்ளை டியூஷனை விட்டுவிட்டாளாம்.

சுந்தரலிங்கத்தார் ஒரு நாள் பின்னேரம் அங்கே நடந்து போனார். வேறு ஒரு வாடிக்கையும் இல்லை. பேர்ணடெற் வழக்கம்போல "வாங்க சேர்" என்றாள். அந்த வழக்கம்தான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இருபது இடியப்பம் கேட்டார். வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அவர் ஃபோன் 'டிங்' என்றது. 'உங்கள் சொல்' தளத்திலிருந்து. இந்தக் கருத்தறியும் செயன்முறையில் உங்கள் திருப்தி எவ்வளவு? மூன்று தெரிவுகள். திருப்தியில்லை என்பதை அழுத்தினால் மேலதிகமாக எழுத இடமில்லை. 'திருப்தி, ஆலோசனைகளும் உண்டு' என்பதை அழுத்தினால் நீல நிறத்தில் ஒரு பட்டன் வரும்.

அவர் மேசையைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். அவருடைய வலது கட்டைவிரல் ஃபோனுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. சொல்வதற்கு எவ்வளவு இருந்தது அவருக்கு! இந்தத் தளத்தின் தெரிவுகள் எப்படி அமைய வேண்டும் என்று மட்டும் எழுதினாலே எட்டுப் பக்கம் வரும். எட்டென்ன, பத்து.

எதை அழுத்தினார் என்றும் சொல்ல வேண்டுமா?

அவர் மீது உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். நியாயம். பேர்ணடெற் மீது இரக்கம் வந்திருக்கும். அதுவும் நியாயம். நல்ல வேளையாக, இரக்கத்துக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. கொட்டாஞ்சேனைச் சந்தியில் இறங்கித் துறைமுகப் பக்கமாக நடந்தால் பன்னிரண்டு நிமிடம். பண்டகசாலை மதிலைச் சுற்றிப் போங்கள். நாலரைக்கு மேசை விரித்திருப்பாள். பத்து இடியப்பம் கேளுங்கள். ஓ.டி.பி. ஒன்றும் தேவையில்லை. போவீர்களா? அல்லது, சே, இதை எல்லாரும் அறிய வேண்டும், நாலு குழுவுக்காவது அனுப்பி, மேலே நம்முடைய கருத்தையும் இரண்டு வரி எழுதிவிட வேண்டும் என்று இப்போதே உங்கள் கை ஃபோனைத் தேடுகிறதா? அப்படியானால் தேட வேண்டியது ஃபோனை அல்ல, வீட்டை. பச்சை நிற அடுக்குமாடியில், சுந்தரலிங்கத்தாருக்கு எதிர்வீடு காலியாக இருக்கிறது. உங்களைப் போல ஒருவரைத்தான் தேடுகிறார்கள்.